தீ தெரியாத அடுப்பு

பாகீரதிக்குக் கனவில் மட்டும்தான் வாசனை தெரிந்தது. விழித்துக்கொண்டால் ஒன்றும் கிடையாது.

அது அப்படி ஆனது 2003 ஜூலையில். ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து கித்தர்பூரில் டிராமிலிருந்து இறங்கும்போது செருப்பு வழுக்கிவிட்டது. பின்மண்டை நடைபாதைக் கல்லில் மோத விழுந்தாள். தெருவில் கணுக்கால் அளவுக்கு மழைத்தண்ணீர். அந்தத் தண்ணீரிலேயே மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிராம் கம்பிகளுக்கு மேலே மேகம் போய்க்கொண்டிருந்தது. மேகம் போகிறதா, தான் போகிறோமா என்று யோசித்தாள். பயமே இல்லை. அப்புறம் யார் யாரோ தூக்கினார்கள். ஆஸ்பத்திரி, தையல், பதினோரு நாள் படுக்கை.

வீட்டுக்கு வந்த மறுநாளும் மழை. அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸில் மழை பெய்தால் வீட்டுக்கு வீடு இலிஷ் மீன் பொரியும். பாகீரதி சுத்த சைவம். மழைக்காலம் வந்தாலே ஜன்னலைச் சாத்தி ஊதுபத்தி ஏற்றிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வளைய வருவாள். அன்றைக்கு ஜன்னல் திறந்தே கிடந்தது. எதிர்வீட்டில் எண்ணெய் சடசடக்கும் சத்தம் கேட்டது. கத்தரிக்காய் பொரிக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு மிதாலி எட்டிப் பார்த்து நலம் விசாரித்தபோது, "திதி, இன்னைக்கு உங்க வீட்ல மீன் இல்லையா?" என்று பாகீரதி வங்காளியில் கேட்டாள். தன்னைவிட ஐந்தாறு வயது பெரியவள் என்பதால் மிதாலியை அக்கா என்ற அர்த்தத்தில் திதி என்றுதான் கூப்பிடுவாள்.

மிதாலி திகைத்துப்போனாள். "என்னடி கேக்கிற? காலையிலேருந்து அதைத்தானே பொரிக்கிறேன். மாடி முழுக்க மணக்குதே!"

பாகீரதி மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். வெறும் காற்று வந்தது. குளிர்ச்சியாக, ஈரமாக, எந்தப் பெயரும் இல்லாமல் வந்தது. இருபது வருஷமாகத் தான் சபித்துக்கொண்டிருந்த மீன் நாற்றத்துக்காக அன்று அவள் அழுதாள்.

மூக்குக்கும் மூளைக்கும் நடுவே மயிரிழை போன்ற நரம்புகள் இருக்கின்றன, விழுந்த வேகத்தில் அவை அறுந்திருக்கும் என்றார் டாக்டர். ஒரு வருஷத்துக்குள் வந்தால் வரும், இல்லாவிட்டால் பழகிக்கொள்ள வேண்டியதுதான். மிளகாய் நெடி ஏறினால் தும்மல் வரும், ஏனென்றால் எரிச்சலைச் சொல்லும் நரம்பு வேறு. மற்றதெல்லாம் போய்விட்டது.

வருஷம் திரும்பியும் வரவில்லை. கனவில்தான் வந்தது, அதுவும் இடம் மாறி வந்தது. கனவில் அவள் கல்யாணப் புடவை சணல் மூட்டைபோல மணத்தது. கங்கைக்கரைப் படிக்கட்டில் வறுத்த சீரகத்தின் மணம். பழைய எக்ஸ்சேஞ்ச் அறையில் யாருமே இல்லை, ஆனால் அறை நிறைய மழைக்கு முந்தைய மண்வாசனை. கண் விழித்த பிறகும் இமையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கிடப்பாள். சிமெண்டுத் தரையில் ஈரக்கால் தடம் காய்வதுபோல அந்த வாசனை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்து போய்விடும்.

பாகீரதி கல்கத்தாவிலேயே பிறந்தவள். அப்பா சணல் கம்பெனி ஒன்றில் கணக்கர். இருபத்தோரு வயதில் துறைமுக அலுவலகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பலகையில் சின்ன விளக்கு எரிந்ததும் பிளக்கைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்ல வேண்டிய வேலை. முகம் தெரியாத ஆயிரம் குரல்களோடு இருபது வருஷம் பழகினாள். லைனில் இரைகிற இரைச்சலை வைத்தே டயமண்ட் ஹார்பர் பக்கம் மழையா என்று சொல்லிவிடுவாள். 97இல் அந்தப் பலகையைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது, அவளை விசாரணைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்காக அவள் பெரிதாக வருத்தப்படவில்லை. எதற்குமே பெரிதாக வருத்தப்படுகிற சுபாவம் இல்லை. வேலைக்கு நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள், அவ்வளவுதான். "பாகீரதி லைன்ல இல்ல" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள்.

கணவர் சுந்தரேசன் மாயவரத்துக்காரர். கப்பல் பழுதுபார்க்கும் பொதுத்துறை நிறுவனத்தில் மின்பிரிவு. பேச்சு குறைவு. கல்கத்தாவில் முப்பது வருஷம் இருந்தும் அவருடைய வங்காளி, காய்கறிக் கடையைத் தாண்டிப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரிக்ரியேஷன் கிளப்பில் செஸ் ஆடப் போவார், அது ஒன்றுதான் அவருக்குக் கேளிக்கை. ஒரே மகள் சாதனா. தமிழைவிட வங்காளிதான் அவளுக்கு லகுவாக வரும்.

2004 ஏப்ரலில் அந்தச் சம்பவம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு மணி, சுந்தரேசன் செஸ் ஆடப் போயிருந்தார். வீட்டில் பாகீரதி தனியாக இருந்தாள். பருப்பைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு முன்னறை ஜன்னலுக்கு வந்தாள். வடமேற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சித்திரை மாதத்துக் கால்பைசாகிப் புயல். முதலில் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல நின்றது. பிறகு புழுதி, காய்ந்த இலை, யார் மாடியிலிருந்தோ பறந்த ஒரு மஞ்சள் துண்டு, எல்லாம் அவள் கண்முன்னே சுழன்று போயின. மஞ்சள் துண்டு ஆலமரத்துக்கு மேலே ஏறி, நின்று, திரும்பி, யாரோ நடந்து போவதுபோலப் போயிற்று. பாகீரதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கரண்ட் போனது. பகலிலேயே வீடு இருட்டிக் கிடந்தது. மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று மேஜை டிராயரிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

கதவு இடிபட்டது. "பாகீரதி! தேஷ்லாய் ஜாலியோ நா! தீக்குச்சி கிழிக்காதே!"

மாடிப்படி ஜன்னலைச் சாத்த வந்த மிதாலியின் குரல். பாகீரதி கதவைத் திறந்ததும் அவள் புயல்போல உள்ளே புகுந்து அடுப்பைத் திருகி அணைத்தாள், சிலிண்டரை மூடினாள், எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்தாள். காற்றில் எப்போதோ அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பாகீரதி கையில் தீப்பெட்டியோடு நின்றாள். மழைச்சாரல் உள்ளே வந்து அவள் முகத்தை நனைத்தது. மிதாலி அந்தத் தீப்பெட்டியை அவள் விரல்களிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

சுந்தரேசன் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நம்ம சொந்த வீடுன்னு ஒண்ணு கட்டினா அதுல கேஸ் வேண்டாம்."

அதன் பிறகு அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் பழைய கம்பிச்சுருள் ஹீட்டரில்தான் ஏதாவது சுட வைப்பாள். சமையலெல்லாம் அவர் ஆபீஸ் போவதற்கு முன்னும் வந்த பின்னும். ஞாயிற்றுக்கிழமை செஸ் நின்றுபோயிற்று. கேட்டால், "அலுத்துப்போச்சு" என்றார். வயதாகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

2008இல் சுந்தரேசன் ரிடையர் ஆனார். பாகீரதி அதற்கு முந்தின வருஷமே விருப்ப ஓய்வு வாங்கியிருந்தாள். பெஹாலாவில் மூன்றாம் மாடியில் ஒரு ஃப்ளாட் தயாராகிக்கொண்டிருந்தது. சமையலறைச் சுவரில் இன்னும் பூச்சு காயவில்லை. அதற்குள் அவர் மீட்டரிலிருந்து அடுப்பு மேடைவரை தடித்த வயராகப் பார்த்துத் தனியாக இழுத்து வைத்துவிட்டார். எந்த அடுப்பு என்பதுதான் மிச்சம்.

"ரெண்டு விதம் இருக்கு" என்று விளக்கினார். "ரெண்டும் பாக்க ஒண்ணுதான், கறுப்புக் கண்ணாடி. செராமிக்ல கண்ணாடிக்கு அடியில சுருள் பழுக்கும், அந்தச் சூடு ஏறி வரும். இண்டக்‌ஷன்ல கண்ணாடி சுடாது. உள்ள காந்தம் மாதிரி ஒரு வேலை நடக்கும், பாத்திரமே தானா சூடாகும். ஆனா இரும்புச் சத்து உள்ள பாத்திரமா இருக்கணும்."

"பாத்திரம் தானா எப்படிச் சூடாகும்?" என்றாள் பாகீரதி.

"ஆகும்" என்றார் அவர். அவர் முகத்தில் அபூர்வமாக ஒரு சந்தோஷம் வந்தது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு பாத்திரமாக ஒட்டிப் பார்த்தார். பித்தளை உருளியில் காந்தம் வழுக்கி விழுந்தது. அலுமினிய வாணலியிலும் விழுந்தது. எவர்சில்வர் அடுக்குகள் ஒவ்வொன்றிலும் ணங் ணங்கென்று விழுந்துகொண்டே வந்தது.

"அப்பா, இதுல ஒண்ணுமே பாஸ் ஆகாது போலிருக்கே" என்று சாதனா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

கடைசியில் தோசைக்கல்லில் காந்தம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. "தோசை மட்டும் சாப்பிட்டு வாழலாம்" என்றாள் சாதனா. சுந்தரேசன்கூடச் சிரித்தார். பாகீரதி சிரிக்கவில்லை. வரிசையாகக் கிடந்த பாத்திரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கரியாஹாட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனார்கள். சுப்ரதோ என்ற விற்பனையாளன், டை கட்டிய மெலிந்த இளைஞன், அவளை "மாஷிமா" என்று, பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல வாய் நிறையக் கூப்பிட்டான். இண்டக்‌ஷன் அடுப்பின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்தான். அதன்மேல் தண்ணீர் வைத்த பாத்திரம். இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் தளதளத்தது. தாளை உருவிக் காட்டினான். கருகவே இல்லை. சுந்தரேசன் அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மந்திரவாதி முன்னால் நிற்கிற குழந்தைபோல இருந்தார்.

பாகீரதியோ பக்கத்து மேடைக்கு நகர்ந்துவிட்டிருந்தாள். அங்கே செராமிக் அடுப்பு. சுப்ரதோ வந்து குமிழைத் திருகினான். முதலில் ஒன்றும் இல்லை. கறுப்புக் கண்ணாடியில் கடையின் விளக்குகள்தான் தெரிந்தன. பிறகு எங்கோ ஆழத்தில் ஒரு வளையம் பிறந்தது. செம்மண் நிறம், செம்பருத்தி நிறம், கடைசியில் கனிந்த ஆரஞ்சு. சின்ன வயதில் அப்பாவோடு படகில் போகும்போது, அந்தி இருட்டில் ஆற்றின் அக்கரையில் செங்கல் சூளைகள் இப்படித்தான் தெரியும், தண்ணீருக்குள்ளேயே எரிவதுபோல. கடைச் சத்தம், கரியாஹாட் நாற்சந்தியின் ஹார்ன் சத்தம் எல்லாம் அவளுக்குத் தூரப் போய்விட்டது. அந்த வளையத்துக்குள் இறங்கிப் போகலாம் போலிருந்தது.

"அம்மா லைன்ல இல்ல" என்றாள் சாதனா.

"எனக்கு இதுதான் வேணும்" என்றாள் பாகீரதி.

சுந்தரேசன் பக்கத்தில் வந்தார். "இது அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் சுடும். அடியில சூடு தங்கும்."

"தங்கட்டுமே. எரியறது கண்ணுக்குத் தெரியுது பாருங்க. அஞ்சு வருஷமா எனக்கு எதுவுமே வந்து சொல்றதில்ல. பால் தீஞ்சா சொல்றதில்ல, பூ பூத்தா சொல்றதில்ல. இதாவது, நான் இங்க இருக்கேன்னு சொல்லுதே."

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பையே பார்த்தார். "சரி, உனக்குப் பிடிச்சதையே எடுத்துக்கலாம்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான்.

சாதனா விடவில்லை. "மா, ஒரு தடவை சமைச்சுப் பாத்துட்டு எடு. கடையில ரெண்டும் கனெக்‌ஷன் குடுத்து வச்சிருக்காங்கல்ல?" சுப்ரதோவிடம் வங்காளியில் சரமாரியாகப் பேசினாள். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாஷிமா தன் பாத்திரத்தோடு வரலாம் என்று அவன் ஒப்புக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை சாதனாவுக்கு ஜாதவ்பூரில் வகுப்பு இருந்ததால் இருவர் மட்டும் போனார்கள். பாகீரதியின் பையில் அடி தட்டையான அலுமினிய வாணலி, எண்ணெய், கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம், ரவை. உப்புமா கிளறிப் பார்த்துவிடுவது என்று தீர்மானம். கடையில் வேறு யாரும் இல்லை. சுந்தரேசன் தூரத்து மூலையில் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செராமிக் அடுப்பைத் திருகினாள். வளையம் பிறந்து, கனிந்து, நின்றது. எண்ணெய் காய்ந்தது. கடுகு போட்டாள், வெடித்தது. உளுந்தும் கறிவேப்பிலையும் போட்டாள். உளுந்து பொன்னிறத்துக்கு வரும்போதே குமிழைத் திருகி அணைத்துவிட்டு வெங்காயப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். அப்போது வளையம் அணையத் தொடங்கியது. ஒரேயடியாக அணையவில்லை. ஆரஞ்சு மங்கிச் செம்பருத்தியாயிற்று. செம்பருத்தி வாடிச் செம்மண்ணாயிற்று. வாணலியைச் சுற்றி ஒரு நூலளவு சிவப்பு மட்டும் மிச்சம் நின்றது. அது எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பொட்டலம் கையிலேயே இருந்தது.

பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்து வாணலியைத் தூக்கிப் பளிங்கு மேடையில் வைத்தது.

சுந்தரேசன். தூரத்து மூலையிலிருந்து எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் சுப்ரதோ மூக்கைச் சுளித்தான். அவசரமாகப் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தான். வாணலியில் உளுந்தும் கடுகும் கரிக்கட்டையாகக் கிடந்தன.

பாகீரதி வாணலியைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். கையில் நாலாக மடித்த கைக்குட்டை இருந்தது. அந்த மடிப்பின் ஓரத்தில் பழுப்புப் பழுப்பாகச் சூடுபட்ட தழும்புகள். அவருடைய எல்லாக் கைக்குட்டைகளிலும் அந்தத் தழும்பு உண்டு. துவைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். பட்டறையில் சால்டரிங் வேலை செய்யும்போது பட்டது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வெளியில போலாம்" என்றாள்.

நடைபாதையில் இளநீர்க்காரனிடம் இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு, மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார்கள். எதிரே டிராம் ஒன்று மணியடித்தபடி தூக்கத்தில் நடப்பதுபோலப் போயிற்று.

"செஸ் ஆடப் போறத ஏன் விட்டீங்க?"

"சொன்னேனே, அலுத்துப்போச்சு."

"பொய்."

அவர் இளநீரை உறிஞ்சினார்.

"நான் அடுப்ப மூட்டினா நீங்க கதவோரம் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பீங்க. பக்கமே திருப்ப மாட்டீங்க. நான் கவனிச்சிருக்கேன். ரிடையர்மெண்ட் யோசனைன்னு நினைச்சேன். மோந்து பாத்துக்கிட்டா உக்காந்திருந்தீங்க?"

"உக்காந்திருக்கறதுல என்ன கஷ்டம்?" என்றார் சுந்தரேசன்.

"நாலு வருஷமா?"

"எனக்குச் செஸ் ஒண்ணும் பெரிசா வராது பாகீரதி. பாதி நாள் தோத்துட்டுத்தான் வருவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாயிற்று. இளநீர்க்காரன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். நாலு வருஷம் ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள்ளேயே காவல்காரனாக இருந்திருக்கிறார், ஒரு நாள்கூட அதை முகத்தில் காட்டவில்லை. வாசனை போனதால் இழந்தது தான் மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, அந்தக் காந்த அடுப்பப் பாக்கலாம்."

"அது வேண்டாம்னியே?"

"பாக்கலாம் வாங்க."

சுப்ரதோ அடி கனமான ஒரு புதுப் பாத்திரத்தைக் கொடுத்தான். பாகீரதி பொத்தானை அழுத்தினாள். அடுப்பு ஒரு தடவை கூவியது. கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பார்க்க எதுவும் இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் கேட்டது. அடியில் விசிறி சுழலும் மெல்லிய ரீங்காரம், வெகுதூரத்து லைன் ஒன்று திறந்துகொண்டதுபோல. அதற்கு மேலே பாத்திரத்தின் சன்னமான முனகல். எண்ணெய் ஊற்றினாள். அது காய்வது, காதுக்குப் பக்கத்தில் யாரோ பட்டுத்துணியை இழுப்பதுபோலக் கேட்டது. கடுகு போட்டாள். ஒன்று வெடித்தது. இரண்டு. பிறகு கூட்டமாக. உளுந்து விழுந்ததும் சத்தத்தின் சுருதி இறங்கியது. இறங்கி, கொஞ்சம் கரகரத்து, மறுபடி ஏறத் தொடங்கிய இடத்தில் பொத்தானை அழுத்தினாள்.

நின்றுவிட்டது. இன்னும் ஒரு கடுகு, அதன் பின் இன்னும் ஒன்று, அவ்வளவுதான். பேசிக்கொண்டிருந்தவர் ரிசீவரை வைத்ததுபோல அமைதி.

கண்ணைத் திறந்தாள். உளுந்து பொன்னிறத்தில் இருந்தது. வழித்துக் கொட்டிவிட்டு மறுபடி செய்தாள். மூன்றாவது தடவையும் செய்தாள். மூன்று தடவையும் ஒரே நிறம். சுந்தரேசன் ஓரடி முன்னால் வந்திருந்தார், கை பாதி பைக்குள் இருந்தது.

"நீங்க அங்கயே நில்லுங்க" என்றாள் திரும்பாமல். பிறகு சுப்ரதோவிடம், "இதையே எழுதிக்கோ" என்றாள்.

"சிவப்பு தெரியாதே உனக்கு?" என்றார் சுந்தரேசன்.

"தெரியாட்டிப் போகுது. சத்தம் கேக்குதே."

மூன்றாவது தடவைத் தாளிப்பில் ரவையைக் கொட்டி உப்புமாவாகவே கிளறிவிட்டாள். சுப்ரதோ இரண்டு தட்டு சாப்பிட்டான். எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கலாம் மாஷிமா என்று யோசனையும் சொன்னான்.

ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். மிதாலி கித்தர்பூரிலிருந்து சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். தீயே இல்லாமல் என்ன கிரகப்பிரவேசம் என்று மோவாயில் கைவைத்து அடுப்பைப் பார்த்தாள். பாகீரதி மேடையோரத்தில் ஒரு குத்துவிளக்கை ஏற்றி வைத்தாள். பால் மூச்சு விடுவதுபோல எழும்பி வந்து பொங்கி வழிந்தது. கறுப்புக் கண்ணாடியில் வெள்ளையாகப் பரவியது. சாதனா மாவிலையால் அதில் கோடு வரைந்து விளையாடினாள். பித்தளை உருளியையும் எவர்சில்வர் அடுக்குகளையும் மிதாலியே பாதி எடுத்துப் போனாள். மீதியில் ஊறுகாயும் தானியமும் குடியேறின.

புது வீட்டில் முதல் இரண்டு வாரம் சுந்தரேசன் பழக்கத்தில் சமையலறைக் கதவோரம் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பாகீரதி ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் பால்கனியில் வைத்தாள். மூன்றாவது வாரம் சட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்தார். அங்கே தெருக்காரர்களின் பாடா கிளப்பில் கேரம் பலகைகளுக்கு நடுவே ஒரு செஸ் பலகை கிடந்தது. அன்று போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்.

அந்த மூன்று மணி நேரம் பாகீரதி தனியாகச் சமைத்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ போர்வை தட்டினார்கள், ஒரு காகம் குழாய்மேல் உட்கார்ந்து இறங்கியது. அடுப்பு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. நடுவில் அவள் லைனில் இல்லாமல் போனாள். நேரம் குறித்து வைத்திருந்தபடி அடுப்பு தானே கூவி அணைந்து, அவளைக் கூப்பிட்டுக் கொண்டுவந்தது.

எப்போதாவது கரியாஹாட் போனால், அந்த ஷோரூமின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பாள். செராமிக் அடுப்பை யாருக்காவது போட்டுக் காட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சிவப்பு வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அந்த ஆசை அவளுக்குப் போகவில்லை.

புதிதாக ஒரு பழக்கம் மட்டும் வந்தது. முதல் நாள் கிளப்பிலிருந்து வந்தவரிடம், சோறு பரிமாறிக்கொண்டே, "அங்க என்ன வாசனை?" என்று கேட்டுவிட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. சுந்தரேசன் விழித்தார். வாழ்க்கையில் எதையும் வர்ணித்துப் பழக்கமில்லாத மனிதர். வெகுநேரம் யோசித்து, "மோட்டார்ல புது வார்னிஷ் அடிச்சாப்பல இருந்தது" என்றார். மறுநாள், "ஈரக் கோணி." அதற்கு மறுநாள், "சந்தில ஒருத்தன் ஜாங்கிரி மாதிரி என்னமோ சுத்தறான், எண்ணெய் பழசு." போகப்போக அவரே தேடிக்கொண்டு வந்து சொல்ல ஆரம்பித்தார். பூஜைப் பந்தலுக்கு வெட்டின மூங்கில். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கற்பூரத் தைலம். சில நாள் அவர் சொன்னது அவள் கனவில் வரும், வழக்கம்போல இடம் மாறி.

ஒரு நாள் மழையில் நனைந்தபடி வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு இலையை எடுத்துக் கசக்கினார். முகர்ந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"எலுமிச்சையா?" என்றாள் பாகீரதி.

"இல்ல. எலுமிச்சை மாதிரிதான், ஆனா கூட ஒண்ணு இருக்கு. கந்தராஜ்னு சொல்றாங்க, கிளப் பின்னால மரம்."

"என்ன கூட இருக்கு?"

"இரு, சொல்றேன்" என்று மறுபடி முகர்ந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொல் கிடைக்கும்வரை அவள் துண்டோடு காத்திருந்தாள்.